விமானியாகிவிட்டான், வேலை எங்கே?

டாக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு பெயர்களுக்கு அப்பால் எண்ணத் துணியாத நமது குடும்பங்களிலே, பிள்ளையொருவன் விமானியாக வேண்டுமென்று சொன்னால் வீடே அதிர்ந்துபோகும். எமது தமக்கையார் வீட்டிலும் அதிர்ந்தது. எனினும் மகனின் பிடிவாதமே வென்றது. தோட்டக் காணி ஈட்டுக்குப் போயிற்று. நகைகள் அடைவுக்குப் போயின. இரத்மலானையிலே பயின்று, மருமகன் வர்த்தக விமானி அனுமதிப் பத்திரம் பெற்ற அன்று, அயலெங்கும் கற்கண்டு வழங்கினோம். அடுத்த மாதமே விமானக் கம்பனி அவனை அழைத்துக்கொள்ளும் என்று ஊரார் பேசிக்கொண்டனர்.

அழைப்பு வரவில்லை. காரணம் கணக்கிலே இருக்கிறது. சர்வதேச விதிகளின்படி வர்த்தக விமானியாவதற்கு 200 மணித்தியாலப் பறப்புப் போதும்; அங்கீகாரம் பெற்ற தொடர்ப் பயிற்சியாயின் 150 மணித்தியாலமே போதும். பெரிய பயணிகள் விமானத்தைத் தலைமை தாங்கி நடத்துவதற்குரிய உயர் அனுமதிப் பத்திரத்துக்கோ 1500 வேண்டும். இடையிலுள்ளவர் துணை விமானியாக அமர விதி தடை செய்வதில்லை. ஆனால் பலருள் ஒருவரைத் தெரியும் கம்பனி, அதிகம் பறந்தவரையே விரும்பும். அன்றியும், எயார்பஸ் 320 போன்ற ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அச்செலவும் பல இடங்களில் விண்ணப்பதாரரின் தலையிலேயே விழுகிறது. காணியை ஒருமுறை ஈடுவைத்த குடும்பம் இரண்டாம் முறை எதை வைக்கும்?

அமெரிக்காவில் இந்த இடைவெளி சட்டமாகவே இருக்கிறது. 2009 பெப்ரவரியில் பபலோ நகருக்கருகே பயணிகள் விமானம் ஒன்று வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன்பின் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் 1500 மணித்தியாலம் வேண்டும். சிலவகைப் பயிற்சி பெற்றோருக்கு மட்டும் சலுகையுண்டு. (வீழ்ந்த விமானத்தைச் செலுத்திய இருவருமே அதைவிடக் கூடுதலாகப் பறந்தவர்கள் என்பது வேறு கதை.) ஆகவே அந்நாட்டு இளைஞர் விளம்பரப் பதாகைகளை இழுத்துப் பறந்தும், பரசூட்டிற் குதிப்போரை மேலே ஏற்றிச் சென்றும் மணித்தியாலம் சேர்க்கின்றனர்.

காத்திருப்பதும் இலேசன்று. வேலையற்ற பட்டதாரியின் பட்டம் சுவரிலே தொங்கினாலும் பட்டமாகவே இருக்கும். விமானியின் தகுதியோ கிடந்தால் காலாவதியாகும். வைத்தியப் பரிசோதனை ஆண்டுதோறும் வேண்டும். முகிலுக்குள்ளே கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியையும் புதுப்பிக்க வேண்டும். பயணிகளை ஏற்றுவதாயின், முந்திய 90 நாட்களுள் மூன்று தடவையேனும் ஏறி இறங்கியிருக்க வேண்டும். சிறு செஸ்னா விமானத்தை ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுப்பதே எமது வீடுகளின் மாதச் செலவிற் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

ஏழு மாதம் வீட்டிலிருந்தபின் மருமகன் ஒரு முடிவுக்கு வந்தான். "அம்மான், பறக்காமல் இருந்தால் கை மறந்துபோகும். படிப்பித்தால் பறந்துகொண்டாவது இருப்பேன்" என்றான். பயிற்றாசிரியராவதற்கும் தனிப் பயிற்சி உண்டு, அதற்கும் பணம். தமக்கையார் மிஞ்சியிருந்த ஒரு சோடிக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். "பிளேன் ஓட்டப் படித்தவன் வாத்தியாராகிவிட்டானே" என்று சிலர் நகைத்தனர். நகைத்தவர்களுக்கு ஒன்று தெரியாது. மாணவனுக்குக் கற்பிக்கும் மணித்தியாலம் ஆசிரியரின் குறிப்பேட்டிலும் ஏறுகிறது. அதைவிட, நடுங்கும் மாணவன் ஓடுபாதையை நோக்கி விமானத்தைத் தாறுமாறாக இறக்கும்போது, எந்தக் கணத்திலே கையை நீட்ட வேண்டும், எதுவரை பொறுக்கலாம் என்பதை வேறெந்தப் பள்ளியிலும் படிக்க முடியாது. அந்தப் பொறுமை அவன் முகத்திலே படிந்து வருவதை நாமே காண்கிறோம்.

குறிப்பேட்டில் இப்போது 640 மணித்தியாலம். சம்பளம் ஈட்டின் வட்டிக்குப் போதுமாயிருக்கிறது; முதல் அப்படியே நிற்கிறது. மாலைதீவிலே கடலில் இறங்கும் டுவின் ஒட்டர் விமானங்களுக்குத் துணை விமானியாகச் சென்ற மாதம் விண்ணப்பித்திருக்கிறான். தபாற்காரனை எதிர்பார்க்கும் காலம் போய்விட்டதெனினும், தமக்கையார் நாளுக்குப் பத்துத் தடவை மகனின் கைத்தொலைபேசியை எட்டிப் பார்க்கிறார். பதில் இன்னும் வரவில்லை.