எந்தக் கைக்கு?

வெளிநாட்டுப் பிரயாணம் என்று ஒருவன் வாயைத் திறந்தால் போதும், உற்றார் உறவினர் எல்லோரும் பட்டியலோடு வந்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் என்றால் தலைவலித் தைலம். துபாய் என்றால் பேரீச்சம்பழம். ஐரோப்பா என்றால் சாக்லேட். இவற்றை வாங்குவதில் சிரமம் ஒன்றும் இல்லை. விமான நிலையத்திலேயே கிடைக்கும். அங்கே மறந்துவிட்டாலும், கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் வாங்கிக் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கஷ்டமெல்லாம் வேறு வகைச் சாமானில்தான். ஒரு தொழிலுக்கென்று, ஒரு விளையாட்டுக்கென்று, சில சமயம் ஒரே ஓர் ஆளுக்கென்று செய்த சாமான்கள் இருக்கின்றனவே, அவற்றைச் சொல்கிறேன். வயலினுக்குத் தந்தி வாங்கி வரச் சொல்வார்கள். வாசிக்கிறவர் ஊரில் இருப்பார், சுருதி பேதம் அறியாத நாம் கடையில் நிற்போம். அந்த நேரத்தில் நம்மைக் கரையேற்றக் கூடியவர் ஒருவர்தான் உண்டு. கேள்வி கேட்கத் தெரிந்த கடைக்காரர்!

சென்ற வருஷம் நான் ஜப்பானுக்குப் போக நேர்ந்தது. கல்லூரியில் என்னோடு படித்த சிநேகிதரின் மகன் டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, ஒரு சின்ன கிரைண்டர் கொண்டாந்துருங்க" என்றான். கிரைண்டருக்குக் கோவையை விட்டு வேறு எங்கே போவது? 1955இல் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் ஆட்டுக்கல்லை உருவாக்கியது இந்த ஊரில்தான். இன்று கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "எந்த நாட்டுக்குங்க?" என்றார்.

"ஜப்பானுக்கு."

"ஜப்பான்ல எந்த ஊருக்குங்க?"

நான் திகைத்தேன். சப்ளை ஆபீஸ் குமாஸ்தாகூட இவ்வளவு விசாரிக்க மாட்டார். அவர் நிதானமாக விளக்கினார். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு 230. அது மட்டுமல்ல, டோக்கியோவில் நம் ஊரைப் போல 50 சைக்கிள், ஒசாகாவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் மின்சார எந்திரங்களை வரவழைத்தார்கள். அன்று ஏற்பட்ட பிரிவினை இன்னும் ஒன்றுசேரவில்லையாம்.

"டோக்கியோன்னா வோல்ட்டை ஏத்தற டிரான்ஸ்பார்மர் ஒண்ணு போதுங்க. ஒசாகான்னா நம்மூர் மோட்டார் வேகமாச் சுத்தும். மாவு சூடாயிருமுங்க. அப்புறம் இட்லி நல்லா வரலீன்னு எங்களைத்தான் வைவாங்க" என்றார்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவராகத் தெரியவில்லை. ஆனால் தம் கல் எங்கே சுற்றப் போகிறது என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

இதே ஊரில், அதற்கு முந்திய மாதம் எனக்கு வேறு விதமான அனுபவம் கிடைத்திருந்தது. கோபிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு ஒரே மகள். பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். பேஸ்பாலுக்குத் தங்கை முறையான விளையாட்டு இது. பந்து கொஞ்சம் பெரிது, சுற்றளவு 12 அங்குலம். பந்தைப் பிடிக்கத் தோல் கையுறை வேண்டும். எறிகிற கையில் கையுறை போடுவதில்லை. மற்றக் கையில்தான் போடவேண்டும். ஆகவே வலது கையால் எறிகிறவர்களுக்கு இடது கைக் கையுறை. பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை கையுறைகளும் அந்த ஜாதிதான்.

எங்கள் குழந்தையோ இடது கைக்காரி. அவளுடைய பாட்டி, அதாவது என் தாயார், "சோத்தாங்கையில வாங்கு கண்ணு, பீச்சாங்கையை நீட்டாதே" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பாட்டையும் எழுத்தையும் வலது கைக்கு மாற்றிவிட்டாள். எறிவதை மட்டும் மாற்ற முடியவில்லை. ஆகவே அவள் இடது கையில் கையுறையைப் போட்டுப் பந்தைப் பிடிப்பாள். பிறகு கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதே கையால் பந்தை எடுத்து எறிவாள். அதற்குள் எதிர்க் கட்சிப் பெண் அடுத்த பேஸைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அமெரிக்காவில் ஜிம் அபட் என்று ஒரு பேஸ்பால் வீரர் இருந்தார். பிறவியிலேயே வலது கை இல்லாதவர். இடது கையால் பந்தை எறிந்த மறுகணம் அதே கையைக் கையுறைக்குள் நுழைத்துப் பந்தைப் பிடிப்பார். 1993இல் நியூயார்க் யாங்கீஸ் கட்சிக்காக எறிந்து, ஓர் ஆட்டம் முழுவதும் எதிரிகளை ஓர் 'ஹிட்'கூட அடிக்க விடாமல் செய்தார். அவருக்கு வேறு வழி இல்லை. இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஒரு குழந்தை ஏன் அந்த வித்தையைப் பழக வேண்டும்?

கோவையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டேன். "லெஃப்ட் ஹேண்டு யாரும் கேக்கறதில்லீங்க, அதனால வைக்கறதில்லீங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் முதலைப் போட்டு வியாபாரம் செய்கிறவர். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் உலகத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் இடது கைக்காரர். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கடைப்படி ஏறாமல் இருந்திருப்பார்களா? ஏறியிருப்பார்கள், இருப்பதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

டோக்கியோவில் கான்டா என்ற பேட்டைக்குச் சிநேகிதர் மகன் அழைத்துச் சென்றான். நம் ராஜவீதி, ரங்கே கவுடர் வீதி மாதிரி, அங்கேயும் சரக்குக்கு ஒரு தெரு. ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகள்; கொஞ்சம் மேட்டில் ஓச்சனோமிசு பக்கம் வாத்தியக் கடைகள்; நடுவே விளையாட்டுச் சாமான் கடைகள். பேஸ்பாலை 1872 வாக்கில் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். ஒன்றரை நூற்றாண்டில் அது அவர்கள் சொந்த ஆட்டமே ஆகிவிட்டது.

கடையில் கையுறைகள் சுவர் முழுவதும் தொங்கின. வயதான கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டவில்லை. கேள்விகளை ஆரம்பித்தார். ரப்பர் பந்தா, தோல் பந்தா, சாஃப்ட்பாலா? மூன்றுக்கும் கையுறை வேறு. ஆடுகிறவருக்கு என்ன வயது? எந்தக் கையால் எறிவார்? இடது என்றதும் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வேறொரு வரிசைக்கு அழைத்துப் போனார். கடைசியாக, "எந்த இடத்தில் நிற்பார்?" என்றார்.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஊருக்கு டெலிபோன் போட்டோம்.

"அவுட்ஃபீல்டு மாமா. எறிய நேரமாகுதுன்னு சார் என்னைக் கடைசியில நிறுத்திட்டாருங்க."

கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். இடது கைக்காரர்களுக்கு ஏற்ற இடம் ஃபர்ஸ்ட் பேஸ் என்றார். அங்கே நின்று பந்தைப் பிடித்தால், உடம்பைத் திருப்பாமலே மற்ற பேஸ்களுக்கு எறியலாமாம். இத்தனை நாளும் குறை என்று நாங்கள் நினைத்தது அந்த இடத்தில் ஒரு சௌகரியம்! டெலிபோனில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

"எனக்கும் அங்கே நிக்கத்தான் ஆசைங்க மாமா. கேட்டதில்லீங்க."

ஃபர்ஸ்ட் பேஸுக்கென்றே 'மிட்' என்று ஒன்று உண்டு. அதை வாங்கி அந்த இடம் கிடைக்காவிட்டால் வீண். எல்லா இடத்துக்கும் ஆகிற கையுறையே போதும் என்று அவளே தீர்மானித்தாள். புதுத் தோல் கல்லாக இருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிசைந்து பழக்கித் தரும் வழக்கமும் அங்கே உண்டு. வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் கையே அதைப் பழக்கட்டும்.

கையுறை கோபி போய்ச் சேர்ந்தது. என் தாயார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை மாட்டினா சோத்தாங்கை உள்ளே போயிருது, பீச்சாங்கையிலதானே எறியோணும்" என்றாள். "ஆமாங்க ஆத்தா" என்றாள் பேத்தி. அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் நல்ல மனிதர். அவளை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்திப் பார்த்தார், அங்கேயே விட்டுவிட்டார். அத்தோடு நில்லாமல், அடுத்த வருஷத்துச் சாமான் பட்டியலில் இடது கைக்காரர்களுக்கும் எழுதலாம் என்று, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லா வகுப்புகளையும் நிறுத்திவைத்துக் கேட்டாராம்: "இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்."

இருபத்து மூன்று பேர் தூக்கினார்கள். எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் நின்றுவிட்டார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தூக்கியிருந்தது வலது கையை.