நடுவரும் பகடையும்

சதுரங்கத்தில் தோற்றவன் தன்னையே நொந்துகொள்வான், விதியை நொந்துகொள்வதில்லை. குதிரை ஏன் கோணிப் பாயவேண்டும், காலாள் ஏன் பின்வாங்கக் கூடாது என்று அவன் வழக்குரைப்பதில்லை. நால்வகைப் படையின் பெயரையே அவ்விளையாட்டுத் தாங்கி நிற்பினும், போர் இவ்வாறுதான் நிகழும் என்று அது எவருக்கும் உறுதி கூறவில்லை. வரலாற்றில் நிகழ்ந்த போரையோ இனி நிகழக்கூடிய போரையோ மேசைமீது காட்ட முற்படும் போர் விளையாட்டின் நிலை வேறு. அங்கே தோற்றவன் விதிநூலைக் கையிலெடுக்கிறான். குன்றின்மேல் அரண் செய்து நின்ற படை இத்துணை விரைவிற் சிதறியிராது என்கிறான். அம்முறைப்பாடு விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அது வரலாற்றைப் பற்றியது. போர் என்பது யாது என்னும் வினாவைப் பற்றியது. ஆடுவோர் கூறிய குறைகளால் இவ்விளையாட்டு எவ்வாறு மாறிவந்தது என்பதை நோக்குவோர், விளையாட்டுக்கு அப்பாலுள்ள ஓர் உண்மையையும் காண்பர்.

இன்றைய போர் விளையாட்டின் ஊற்றுக்கண் பிரசியாவில் உள்ளது. 1812ஆம் ஆண்டில் ஜோர்ஜ் லெயோபோல்ட் வொன் ரைஸ்விற்ஸ் என்பார், மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் மன்னனுக்கு ஒரு மேசையைச் செய்தளித்தார். குன்று, ஆறு, காடு, ஊர் என்பவற்றைக் காட்டும் துண்டுகள் அதன் இழுப்பறைகளில் இருந்தன. அவற்றை வேண்டியவாறு அடுக்கி நிலத்தை அமைத்துக்கொள்ளலாம். அரச குடும்பத்தினர் அதனை விரும்பி ஆடினர். எனினும், அவ்வாறு அமைந்த நிலம் உலகில் எங்கும் இல்லாத நிலம். மெய்யான ஆறு சதுரத் துண்டுகளுக்கு இசைந்து வளைவதில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் அவருடைய மகனே. பீரங்கிப்படையில் லெப்டினன்டாகப் பணிபுரிந்த இளைய ரைஸ்விற்ஸ் 1824ஆம் ஆண்டில் தமது விதிகளை வெளியிட்டார். துண்டுகளுக்குப் பதிலாக 1:8000 என்னும் அளவுத்திட்டத்தில் வரையப்பட்ட இடவிளக்கப்படம் மேசைமீது விரிக்கப்பட்டது. ஒரு முறை நகர்வது இரண்டு நிமிட நேரத்தைக் குறித்தது. ஆடுவோர் தம் விருப்பப்படி காய்களை நகர்த்துவதில்லை. கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். நடுவர் அவற்றை நிறைவேற்றி, அவரவர் கண்ணுக்குப் புலப்படக்கூடியவற்றை மாத்திரம் அவரவருக்குக் காட்டுவார். குன்றுக்கு அப்பால் நிற்கும் பகைவனை எவரும் காணமுடியாது. சூட்டினால் விளையும் சேதத்தைப் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன. ஒரே தூரத்திலிருந்து ஒரே படை இருமுறை சுட்டால் இருமுறையும் ஒரே தொகையினர் வீழ்வதில்லை. சராசரியைக் கணக்கிட்டு அறியலாம். இம்முறை யாது நிகழும் என்பதை அறிய இயலாது. அவ்வறியாமையையே பகடை மேசைக்குக் கொண்டுவந்தது.

படைத்தலைமை அலுவலகத்தின் தலைவராயிருந்த முவ்லிங், இதனை முதலில் ஆர்வமின்றியே பார்க்கத் தொடங்கினார். ஆட்டம் வளர வளர அவரது மனம் மாறியது. இது வெறும் விளையாட்டன்று, போர்க்கலைக்குரிய பயிற்சி என்று பாராட்டி, படை முழுவதற்கும் அதனைப் பரிந்துரைத்தார். ஆனால், ஆக்கியோனுக்கு அப்பாராட்டு நெடுங்காலம் உதவவில்லை. 1826இல் பதவி உயர்வுடன் பேர்லினிலிருந்து டோர்காவு என்னும் கோட்டை நகருக்கு அனுப்பப்பட்ட ரைஸ்விற்ஸ், அவ்விடமாற்றத்தை நாடுகடத்தலாகவே உணர்ந்தார். மறு ஆண்டு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மறைந்த பின்னரும் விளையாட்டு நின்றுவிடவில்லை. அதனை ஆடிவந்த பேர்லின் அதிகாரிகள், ஆடிப்பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1828இல் விதிகளுக்கு ஒரு பின்னிணைப்பை வெளியிட்டனர். ஆடுவோரின் கருத்து விதிநூலுள் நுழைந்த தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகும்.

அதன் பின்னர் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1873ஆம் ஆண்டில் மெக்கல் என்னும் அதிகாரி அவற்றைத் தொகுத்துரைத்தார். விதிகள் நடுவரின் கைகளைக் கட்டிவிடுகின்றன. போரனுபவம் மிக்கவரும் தமது அறிவைப் பயன்படுத்த இயலாதவராகிறார். விதிகள் நெகிழ்வற்றிருப்பதால் நடைமுறைக்கு ஒவ்வாத முடிவுகள் தோன்றுகின்றன. சேதத்தை எண்ணிக் கூட்டிக் கழிப்பதில் நேரம் கழிகிறது. இத்தனை விதிகளையும் கற்றுக்கொண்டு நடுவராயிருக்க எவரும் முன்வருவதில்லை. இம்முறைப்பாடுகளுள் எதனையும் வீணென்று தள்ளமுடியாது. இரண்டு நிமிடப் போரை ஆடி முடிக்க அதனிலும் பன்மடங்கு நேரம் சென்றால், விரைந்து முடிவெடுக்கும் பழக்கம் எங்ஙனம் வாய்க்கும்?

1876ஆம் ஆண்டில் வேர்டி டு வேர்னுவா இதற்கு ஒரு துணிவான தீர்வு கூறினார். அட்டவணையும் வேண்டா, பகடையும் வேண்டா. அனுபவமுள்ள நடுவர் நிலைமையை நோக்கித் தமது அறிவாற் தீர்ப்புரைப்பாராக என்பதே அத்தீர்வு. பிரான்சுடனான 1870-71ஆம் ஆண்டுப் போரை நேரிற் கண்ட தலைமுறையினர் அக்காலத்தில் நடுவராயிருந்தனர். அவர்களுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. ஆட்டம் விரைந்தது, பேச்சும் விளக்கமும் பெருகின. ஆயினும் ஒரு பெரிய மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்துவிட்டது. முன்னர் தோற்றவன் அட்டவணையைச் சுட்டி வாதாடினான். இனி அவன் வாதாட வேண்டுமாயின் தன் மேலதிகாரியோடு வாதாட வேண்டும். போரறிந்த தலைமுறை மறைந்து, பதவி மட்டுமே உடையவர் நடுவர் இருக்கையில் அமரும்போது யாது நிகழும் என்னும் வினாவுக்கு வேர்டியின் முறையில் விடை இல்லை.

அவ்வினாவின் கூர்மையை உணர்த்திய நிகழ்ச்சி யப்பானிலே நடந்தது. மெக்கல் 1885இல் யப்பானுக்குச் சென்று அந்நாட்டுத் தரைப்படைக் கல்லூரியில் கற்பித்தவர். கடற்படையினர் இக்கலையை வேறு வழிகளாலும் அறிந்திருந்தனர். 1942ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை அவர்கள் யமாற்றோ என்னும் போர்க்கப்பலில் மேசைமீது ஆடிப்பார்த்தனர். ஆட்டத்துக்குத் தலைமை வகித்தவர் உகாகி. அங்கிருந்த நடுவர்களுள் ஒருவர் ஒக்குமியா. ஒக்குமியாவும் புச்சிடாவும் போரின் பின்னர் எழுதிய நூலில் அன்று நடந்தது விரிவாகச் சொல்லப்பட்டுள்ளது. யப்பானிய விமானங்கள் தீவைத் தாக்கச் சென்றிருந்த வேளையில், தீவிலிருந்து புறப்பட்ட எதிரி விமானங்கள் யப்பானியக் கப்பல்கள்மீது குண்டு வீசின. ஒக்குமியா பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் இலக்கிற் பட்டன. அகாகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்று முடிவாயிற்று. உகாகி குறுக்கிட்டு, பட்ட குண்டுகளை மூன்றாகக் குறைத்தார். காகா மட்டுமே மூழ்கியது. அகாகி சிறு சேதத்துடன் தப்பியது. ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மூழ்கிய காகாவும் மீண்டும் கடல்மீது தோன்றியது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலர் உகாகியை நகைத்து அமைவர். ஆயின், நீதி அத்துணை எளிதன்று. 1942 யூன் 4ஆம் திகதி நடந்த மெய்யான போரில் தீவிலிருந்து வந்த விமானங்களின் குண்டு ஒன்றுகூட யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிற் படவில்லை. அந்த அளவில் ஒன்பது என்னும் எண் மிகை என்ற உகாகியின் எண்ணம் பிழையன்று. பக்கவாட்டில் எதிரியின் விமானந்தாங்கிகள் தோன்றினால் என்செய்வது என்று அதே ஆட்டத்தில் வினவியவரும் அவரே. அவருக்குத் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை. மெய்யான போரில் அக்கப்பல்களை அழித்தவை எதிரியின் விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த பாய்குண்டு விமானங்களேயாகும். அகாகி, காகா உள்ளிட்ட நான்கு விமானந்தாங்கிகளை அப்போரில் யப்பான் இழந்தது. எனவே, பகடை சொன்ன எண் பிழையாயிருக்கலாம். பகடை எழுப்பிய வினா பிழையன்று. விமானங்கள் வெளியே சென்றிருக்கும் வேளையில் கப்பல்கள் தாக்கப்பட்டால் யாது செய்வது என்பதே அவ்வினா. எண்ணைத் திருத்தியவர்கள் அதனோடு வினாவையும் அழித்துவிட்டனர். இதுவே அங்கு நிகழ்ந்த குற்றம்.

போருக்குப் பின்னர் இவ்விளையாட்டு படை அலுவலகத்தை விட்டுப் பொதுமக்களின் வீட்டு மேசைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் சார்ள்ஸ் றொபேட்ஸ் 1954இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1958இல் அவர் தொடக்கிய அவலொன் ஹில் நிறுவனம் கெற்றிஸ்பேர்க் போரைப் பலகைக்குக் கொண்டுவந்தது. வீட்டு மேசையில் எதிரெதிரே இருப்போர் நண்பர்கள்; அவர்களுள் மேலதிகாரி எவருமில்லை. தீர்ப்புரைக்க நடுவர் இல்லாதவிடத்து எழுதிய விதியே நடுவராக வேண்டும். ஆகவே, வேர்டி களைந்தெறிந்த அட்டவணையும் பகடையும் மீண்டும் வந்தன. அவற்றோடு முறைப்பாடுகளும் வந்தன.

அம்முறைப்பாடுகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, கையாளுகை பற்றியது. சதுரக் கட்டங்களில் மூலைக்கு மூலை செல்லும் படை, நேரே செல்லும் படையைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு தூரத்தை ஒரே நகர்விற் கடந்துவிடும். கெற்றிஸ்பேர்க்கின் 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற அறுகோணக் கட்டத்தில் அக்குறை இல்லை. ஆறு பக்கங்களிலும் தூரம் ஒன்றே. ஆயின், ஒரு திசையில் நேர்கோடாகச் செல்லும் படை அதற்குக் குறுக்கான திசையில் வளைந்து வளைந்து செல்லவேண்டியதாயிற்று. ஒரு குறையைத் தீர்க்கும் விதி இன்னொரு குறையைப் பெறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாவது, மெய்ம்மை பற்றியது. உணவும் எரிபொருளும் இன்றிப் படைகள் எவ்வாறு நாட்கணக்கில் நகர்கின்றன என்பது போன்ற வினாக்கள் இவ்வகையின. மூன்றாவது, முடிவு பற்றியது. என் படை தோற்றிருக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

ஆடுவோரின் கருத்தை முறையாகத் திரட்டியவருள் ஜேம்ஸ் டனிகன் முதன்மையானவர். 1969இல் 'ஸ்ட்ராட்டஜி அன்ட் டக்டிக்ஸ்' என்னும் சஞ்சிகையைப் பொறுப்பேற்ற அவர், அதன் ஒவ்வோர் இதழுடனும் ஒரு முழு விளையாட்டை இணைத்து வெளியிட்டார். இதழுடன் வந்த வினாக்கொத்தின் வாயிலாக வாசகர் ஆட்டங்களுக்கும் கட்டுரைகளுக்கும் 1 முதல் 9 வரை புள்ளியிட்டனர். இனி எந்தப் போரை விளையாட்டாக ஆக்கலாம் என்பதற்கும் அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆடுவோரை மதித்த இம்முறை போற்றத்தக்கது. எனினும், புள்ளி விருப்பத்தை அளக்குமேயன்றி உண்மையை அளக்காது. மெய்ம்மை வேண்டும் என்ற குரலுக்கு எல்லையின்றி இணங்கினால் யாது நேரும் என்பதை 1979இல் வெளிவந்த வட ஆபிரிக்கப் போர் விளையாட்டு ஒன்று காட்டிற்று. அதனை ஆடப் பதின்மர் வேண்டும். முழுவதும் ஆடி முடிக்க ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். இத்தாலியப் படையினர் மாவுணவை அவிப்பதற்கு மேலதிக நீர் வழங்கவேண்டும் என்றுகூட அதில் ஒரு விதி இருந்தது. அது நகைச்சுவையாகச் சேர்க்கப்பட்டதே என்று ஆக்கியோராகிய றிச்சட் பேர்க் பின்னர் கூறினார். மெக்கல் 1873இல் கூறிய குறை நூறாண்டு கடந்து புதிய உருவில் வந்து நின்றது.

இன்று கணினி நடுவராகியுள்ளது. கூட்டலும் கழித்தலும் நொடிப்பொழுதில் முடிகின்றன. குன்றுக்கு அப்பாலுள்ள பகைவனை மறைப்பதற்குத் தனியொருவர் தேவையில்லை. மெக்கல் கூறிய குறைகளுட் பாதி தீர்ந்தன எனலாம். ஆனால், அட்டவணை திரைக்குப் பின்னே போய்விட்டது. படை தோற்றது என்று திரை கூறுகிறது. ஏன் தோற்றது என்று பல வேளைகளில் கூறுவதில்லை. காரணம் தெரியாத தீர்ப்பை ஆடுவோன் ஏற்கலாம், அல்லது வெறுக்கலாம். அதனோடு வாதாட இயலாது. வாதாட இயலாதவிடத்துக் கற்றலும் இல்லை. கணினி விளையாட்டின் திரையமைப்பைப் பற்றி ஆடுவோர் கூறும் குறைகளுள் முதன்மையாகக் கேட்கவேண்டியது இதுவே.

முறைப்பாடு இன்றேல் விதி வளராது. ரைஸ்விற்ஸ் தம் தந்தையின் மேசையிற் குறை கண்டிராவிடின் இவ்விளையாட்டு அரண்மனைப் பொருளாகவே நின்றிருக்கும். எனினும், முறைப்பாடு அனைத்தும் ஒரு தன்மையின அல்ல. பகடை உருள்வதற்கு முன்னர் கூறப்படுவதும், வென்றவனையும் தோற்றவனையும் ஒருங்கே கட்டுப்படுத்த உடன்படுவதும் விதியைத் திருத்தும் முறைப்பாடு. பகடை உருண்ட பின்னர், உருண்ட எண்ணைக் கண்டு கூறப்படுவது முடிவைத் திருத்தும் முறைப்பாடு. முன்னையதைக் கேட்பது அறிவு. பின்னையதற்கு இணங்குவது அழிவு.

விதி என்னும் சொல் தமிழில் மனிதர் வகுத்த ஒழுங்கையும் குறிக்கும். மனிதர் வகுக்காத ஊழையும் குறிக்கும். போர் விளையாட்டின் மேசையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. முன்னையதை ஆடுவோர் கூடித் திருத்தலாம். பின்னையதைத் திருத்தும் உரிமை எப்பதவியில் உள்ளவருக்கும் இல்லை. மேசைமீது மூழ்கிய கப்பலை ஒரு சொல்லால் மீண்டும் மிதக்கவிடலாம். கடலில் மூழ்கிய கப்பலும் அதனோடு மூழ்கிய மாந்தரும் எச்சொல்லுக்கும் மீள்வதில்லை.