காக்கையும் பனம்பழமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்திருந்தால், "கம்ப்யூட்டர் ஒன்றை அமைத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் அவசியம் சேர்த்திருப்பார்கள்.

நாம் ஒரு பௌதிக ஆசிரியர். வயது நாற்பத்தைந்து. கடைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரை முழுசாக வாங்கி வருவது நம்முடைய கௌரவத்துக்குக் குறைவாகத் தோன்றியது. சென்ற கோடை விடுமுறையில் சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் இரண்டு நாள் வெயிலில் அலைந்தோம். மதர்போர்டு ஒரு கடை, பிராஸஸர் ஒரு கடை, மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கடை என்று பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு தஞ்சைக்குத் திரும்பினோம். நாமும், பதினோராவது வகுப்புக்குப் போகவிருந்த நம்முடைய குமாரனும் கூடத்தில் பாயை விரித்துப் போட்டு, திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து, ஒரே பகலில் அதைச் சேர்த்து முடித்தோம். பொத்தானை அமுக்கியவுடன் விளக்கு எரிந்தது; விசிறி சுழன்றது. அப்போது நமக்கு உண்டான பெருமையை வார்த்தைகளால் வர்ணிக்க முடியாது. வீட்டு எஜமானி மட்டும், "மிச்சமாகக் கிடக்கும் இந்த நாலு திருகாணிகள் எதைச் சேர்ந்தவை?" என்று கேட்டு வைத்தாள்.

ஐந்து மாதம் யந்திரம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பிறகு தீபாவளி சமயத்தில் வந்தது வினை.

ஒரு நாள் மாலை, பையன் ஏதோ ஒரு வீடியோ பார்த்துக் கொண்டிருக்கையில் திரை முழுவதும் நீலமாகி, ஆங்கிலத்தில் இரண்டு வரி மன்னிப்புக் கேட்டுவிட்டு, யந்திரம் தானே அணைந்து தானே எழுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் இரண்டு தடவை. குற்றவாளியைக் கண்டுபிடிக்க நமக்கு வெகுநேரம் ஆகவில்லை. முந்திய வாரந்தான் பையன் அதில் ஒரு கிரிக்கெட் விளையாட்டை ஏற்றியிருந்தான். விளையாட்டு வந்தது, வியாதி வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு வேண்டுமா?

"நான் ஒன்றும் செய்யவில்லை, அப்பா. நீங்கள் புது ராம் போட்ட பிறகுதான் இப்படி ஆகிறது" என்றான் பையன்.

"எதிர்த்துப் பேசாதே" என்றோம். விளையாட்டை அழித்தோம். பரீட்சை முடியும் வரையில் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டோம்.

அவன் குறிப்பிட்டது இதுதான். ஆரம்பத்தில் யந்திரத்தில் 8 ஜிகாபைட் கொண்ட ராம் பலகை ஒன்றுதான் இருந்தது. தீபாவளிக்கு முன்பு நாம் இன்னொன்று வாங்கிச் சேர்த்து 16 ஆக்கினோம். பழைய பலகையைச் செய்த கம்பெனியின் சரக்கு அன்று கடையில் இல்லை; வேறு கம்பெனியின் பலகை இருந்தது. அளவும் வேகமும் ஒன்றுதானே என்று அதையே வாங்கினோம். அத்தோடு நின்றோமா? பயாஸ் என்னும் ஆதார அமைப்புக்குள் போய், எக்ஸ்.எம்.பி. என்ற வசதியையும் முடுக்கிவிட்டோம். அது ராம் பலகையைச் சாதாரண வேகத்துக்கு மேலே ஓட்டுவது. நம் பலகைகள் இயல்பாக 2666 என்ற வேகத்தில் ஓடுபவை. அந்த வசதியைப் போட்டால் 3200. அதாவது வினாடிக்கு 320 கோடி தடவை கைமாற்றம்! செலவில்லாமல் கிடைக்கும் வேகத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

தடையுத்தரவுக்குப் பிறகு நீலத் திரை வருவது வெகுவாகக் குறைந்தது. "பார்த்தாயா!" என்று எஜமானியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம். யந்திரம் ஓடும் நேரமே பத்தில் ஒரு பங்காகிவிட்டது, ஆகையால் விழுவதும் குறைந்தது என்ற எளிய கணக்கு, கணக்கும் பௌதிகமும் படித்த நம் மண்டையில் ஏறவில்லை. பையன் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் நம் எதிரே உட்காருவதை மட்டும் விட்டுவிட்டான்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. பையன் விடுமுறைக்குக் கும்பகோணத்தில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டான். நாம் மாணவர்களின் மதிப்பெண்களைப் பட்டியலில் ஏற்ற உட்கார்ந்தோம். காலை பத்து மணிக்கு நீலத் திரை. பதினொன்றரைக்கு மறுபடியும். மாலை காபி வருவதற்குள் மூன்றாவது தடவை.

எஜமானி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பையன்தான் ஊரில் இல்லையே! அவனுக்குப் பதில் இப்போது பேய் வந்து கிரிக்கெட் விளையாடுகிறதாக்கும்?" என்றாள்.

அப்போதும் நாம் தோல்வியை ஒப்புக் கொண்டோமில்லை. அந்த விளையாட்டு விட்டுப் போன விஷம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சாதித்து, டிஸ்க்கைத் துடைத்து, விண்டோஸை அடியிலிருந்து புதிதாக ஏற்றினோம். அதற்கு ஒரு நாள் பிடித்தது. மறுநாள் சாயங்காலம் யந்திரம் வழக்கம்போல் நீல நிறம் காட்டியது.

அன்றிரவுதான் ஆசிரியருக்குப் புத்தி வந்தது. வகுப்பில் வருஷந்தோறும் நாம் ஓதுகிற பாடம் ஒன்று உண்டு: ஒரு சோதனையில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அசைக்காதே, கண்டதை எழுதி வை. அதை வீட்டில் அனுசரிப்பதென்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம்.

முதலில் யந்திரத்தின் சொந்த நாட்குறிப்பைப் பார்த்தோம். விண்டோஸில் நிகழ்ச்சிப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அதில் "கெர்னல்-பவர் 41" என்று பல இடங்களில் சிவப்பு முத்திரை. படித்துப் பார்த்தால், யந்திரம் முறைப்படி மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரேத விசாரணை செய்தவர், "இறந்தவர் இப்போது உயிருடன் இல்லை" என்று அறிக்கை கொடுத்தது போலிருந்தது. ஆனால் நீலத் திரைகள் விட்டுச் சென்ற குறிப்புகளில் ஒரு விசேஷம் தென்பட்டது. ஒரு தடவை சொன்ன காரணத்தை யந்திரம் மறு தடவை சொல்லவில்லை. ஒரு நாள் பழி படம் காட்டும் பகுதியின்மேல். ஒரு நாள் டிஸ்க்கின்மேல். ஒரு நாள் இன்டர்நெட்டின்மேல். உண்மையாக ஒருவன் குற்றவாளியாயிருந்தால் அவன் பெயரல்லவா திரும்பத் திரும்ப வர வேண்டும்?

உஷ்ணத்தை அளந்தோம். முழு வேலை கொடுத்தும் பிராஸஸர் 70 டிகிரியைத் தாண்டவில்லை, அதில் பயமில்லை. சிநேகிதர் ஒருவரிடம் எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தோம்; அப்போதும் யந்திரம் விழுந்தது. மிஞ்சியது ராம்.

ராமைச் சோதிப்பதற்கு மெம்டெஸ்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. 1994-ம் வருஷத்தில் கிறிஸ் பிராடி என்பவர் முதலில் எழுதியது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே அதை ஓடவிட வேண்டும். ராமின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றோ பூஜ்யமோ எழுதும், திரும்பப் படிக்கும், எழுதியது வேறு, படித்தது வேறு என்றால் சிவப்பு வரி காட்டும். 16 ஜிகாபைட்டில் அப்படிப்பட்ட அறைகள் சுமார் 13,700 கோடி. அதில் ஒன்று பிறழ்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2003-ம் வருஷம் பெல்ஜியம் தேசத்துத் தேர்தலில் ஸ்கார்பேக் என்னும் ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4096 வோட்டுக்கள் அதிகமாக விழுந்திருப்பதாக யந்திரம் சொல்லிற்று. இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வருவது 4096. நினைவகத்தில் ஒரே ஓர் அறையில் பூஜ்யம் ஒன்றாகப் புரண்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவு கட்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர் ஒன்று அதைப் புரட்டியிருக்கலாம் என்றும் கருதினார்கள்.

நான்கு இரவுகள் சோதனை நடந்தது. இரண்டு பலகைகளும் 3200 வேகத்தில்: அரை மணிக்குள் சிவப்பு வரிகள். பழைய பலகை மட்டும், அதே வேகத்தில்: விடிய விடிய ஒரு பிழையுமில்லை. புதிய பலகை மட்டும், அதே துவாரத்தில், அதே வேகத்தில்: அதுவும் பரிசுத்தம். நான்காம் இரவு இரண்டையும் சேர்த்துப் போட்டு, எக்ஸ்.எம்.பி.யை அணைத்து, 2666-ல் ஓடவிட்டோம். காலையில் பார்த்தால் பிழை பூஜ்யம்.

ஆகவே, பலகை இரண்டும் நல்லவையே. தனித்தனியே கச்சேரி செய்தால் இரண்டு வித்துவான்களும் துரித காலத்தில் பிரமாதமாய்ப் பாடுவார்கள். ஒன்றாக மேடையேற்றினால் அந்த வேகத்தில் தாளம் சேரவில்லை. கொஞ்சம் நிதானித்தால் சேர்ந்துவிடுகிறது. இதற்காகத்தான் கம்பெனிகள் இரண்டு பலகைகளை ஒன்றாகச் சோதித்து ஜோடியாக விற்கின்றன. தனித்தனியே வாங்கிச் சேர்த்தவர்களும், வேகத்தை முடுக்கினவர்களும் நாம்தான்.

யந்திரம் தினம் ஒருவர்மேல் பழி போட்டதன் ரகசியமும் இப்போது விளங்கிற்று. எந்தப் புரோகிராம் எந்த அறையில் வந்து உட்காரும் என்பது நிச்சயமில்லை. பிழை நேரும் தருணத்தில் அந்த இடத்தில் யார் இருக்கிறானோ, அவன் விழுகிறான். அவன் பெயர் பதிவாகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காகதாலீய நியாயம் என்று சாஸ்திரக்காரர்கள் சொல்வார்கள். யந்திரமாவது அறியாமல் காக்கையைக் குற்றம் சொல்லிற்று. நாம்?

ஏற்றிய மதிப்பெண்களையெல்லாம் விடைத்தாள்களோடு மறுபடியும் ஒப்பிட்டோம். தெய்வாதீனமாக ஒன்றும் மாறியிருக்கவில்லை.

பையன் ஊரிலிருந்து வந்ததும் நோட்டுப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தோம். நின்றபடியே கடைசிப் பக்கம் வரையில் படித்தான்.

"நீ சொன்னதுதான் சரி. விசாரிக்காமல் உன்னைத் தண்டித்தது நம்முடைய தப்பு" என்றோம். பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்வது, நான்கு இரவுகள் கண் விழிப்பதைவிடக் கஷ்டமாயிருந்தது.

"பரவாயில்லை, அப்பா" என்றான். சற்றுப் பொறுத்து, "அந்தக் கிரிக்கெட் விளையாட்டை மறுபடியும் ஏற்றலாமா?" என்று கேட்டான். அன்றிரவு சாப்பாட்டுக்கு நம் எதிரே வந்து உட்கார்ந்தான்.

நிற்க. இத்துடன் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் வேறொரு பையன் நினைவுக்கு வருகிறான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, நம்முடைய சோதனைச் சாலையில் ஒரு கால்வனாமீட்டர் கருகிப் போயிற்று. கடைசியாக அதைத் தொட்டவன் அவன். "நான் எடுக்கும்போதே முள் அசையவில்லை, ஸார்" என்று இரண்டு தடவை சொன்னான். நாம் அவனைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்தோம். அதற்கு முந்திய வகுப்பில் அந்தக் கருவியை யார் எடுத்தார்கள் என்று விசாரிக்கவில்லை. அவன் சொன்னது மெய்யா, பொய்யா என்பதை இனிமேல் எந்த மெம்டெஸ்டும் சொல்லாது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சோதனைச் சாலைக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கிப் போனோம். கருவியை எடுக்கும்போது அதன் நிலைமை என்ன, திருப்பி வைக்கும்போது என்ன என்று எழுதுவதற்கு இரண்டு பத்திகள் கோடு போட்டோம். முதல் பக்கத்தில் முதல் வரியை நாமே எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.