பதினாறு தோல்வியும் ஒரு மகளும்

2008 டிசம்பரில் நான் டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். கையில் எம்.ஃபில். பட்டமும் ஹெச்-4 விசாவும். அந்த விசாவில் வந்த மனைவி சமைக்கலாம், படிக்கலாம், ஜன்னல் வழியே பனியைப் பார்க்கலாம். அப்போது சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கணவர் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் இரண்டே பேச்சு. கார் கம்பெனிகள் பிழைக்குமா? லயன்ஸ் ஒரு ஆட்டமாவது ஜெயிக்குமா? டெட்ராய்ட் லயன்ஸ் அந்த ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. அப்போது அதன் முதலாளி ஹென்றி ஃபோர்டின் பேரன் வில்லியம் கிளே ஃபோர்ட். எனவே இரண்டும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான்.

எனக்கு அந்த விளையாட்டு புரியாது. தோல்வி புரிந்தது. அக்டோபரில் மினசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தில் டேன் ஓர்லோவ்ஸ்கி என்ற லயன்ஸ் வீரர், பந்தோடு தப்பி ஓடும்போது, தன் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டியதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். எதிரணிக்கு இரண்டு புள்ளி. 12-10 என்று அந்த இரண்டு புள்ளியில்தான் தோற்றார்கள். நவம்பரில், நன்றி நவிலும் நாளன்று, டென்னஸியிடம் 47-10.

டிசம்பர் முதல் வாரத்தில் என் கணவருக்கு வேலை போனது. அப்போது வேலை விசாவில் இருந்தவருக்கு வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். அன்றிரவு அவர் ஊருக்குப் பேசினார். ஸ்பீக்கரில் அத்தையின் குரல்: "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தே தம்பி? எல்லாம் அவ காலடி வெச்ச நேரம்."

நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். "சரிம்மா, வைக்கிறேன்" என்றார் அவர்.

டிசம்பர் 21 அன்று நியூ ஆர்லியன்ஸிடம் 42-7. பதினைந்தாவது தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் ராட் மரினெல்லி செய்தியாளர்கள் முன்னால் நின்றார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜோ பேரி அவருடைய மருமகன். பத்தி எழுத்தாளர் ஒருவர் மரினெல்லியிடம் கேட்டார்: உங்கள் மகள் இவரைவிடத் தேறிய ஒரு தடுப்பாட்டப் பயிற்சியாளரைக் கட்டியிருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? வேடிக்கைக்குக் கேட்டதாகப் பின்னால் விளக்கம் சொன்னார்.

செய்தியில் அதைப் பார்த்தபோது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

லயன்ஸ் அந்தப் பருவத்தில் 517 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. அதற்கு ஆள் தேர்வு, பயிற்சி, பல வருட நிர்வாகம் என்று காரணங்கள் இருந்தன. பொது மேலாளர் மேட் மில்லனைச் செப்டம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். என் கணவரின் வேலை போனதற்கும் காரணம் இருந்தது. வங்கிகள் சரிந்தன, கார் வாங்கக் கடன் கிடைக்கவில்லை, கார் விற்கவில்லை. இரண்டு கார் கம்பெனிகளைக் காப்பாற்ற 17.4 பில்லியன் டாலர் கடன் தருவதாக ஜனாதிபதி புஷ் அறிவித்தது டிசம்பர் 19-ம் தேதி. எல்லாம் நாளிதழில் அச்சானவை. ஆனாலும் தோல்விக் கணக்கை முடிக்கும்போது மகளோ மருமகளோ தேவைப்படுகிறாள்.

அதற்கு முந்தைய டிசம்பரில் டாலஸ் அணி ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. டாலஸ் வீரர் டோனி ரோமோவின் தோழி, பாடகி ஜெசிகா சிம்ப்சன், அரங்கில் இருந்ததுதான் காரணம் என்றார்கள். அவர் செய்த குற்றம், ரோமோவின் எண் போட்ட இளஞ்சிவப்பு ஜெர்சியில் வந்து உட்கார்ந்திருந்தது.

பதினைந்து தோல்விகளுக்கும் பதில் சொல்லிவந்த மரினெல்லி, மகளை இழுத்ததற்குப் பிறகு கோபப்பட்டார். ஒரு அப்பாவின் கோபம் அது. அந்த மகளிடம் யாரும் எதுவும் கேட்டதாக நான் பார்க்கவில்லை. என் வீட்டில் கோபப்படவும் ஆளில்லை.

டிசம்பர் 28 அன்று கிரீன் பேயில் 31-21. பதினாறு ஆட்டம், பதினாறு தோல்வி. அதற்கு முன் எந்த அணியும் அப்படித் தோற்றதில்லை. அன்றிரவு மறுபடி போன் வந்தது. அத்தை தொடங்கினார். நான் மாவுக் கையோடு போய் எடுத்தேன்.

"அத்தை, அந்தக் கம்பெனில அன்னைக்கு மட்டும் அறுபது பேருக்கு வேலை போச்சு. அறுபது பேருமா என்னைக் கட்டியிருக்காங்க?"

மறுமுனையில் சத்தமில்லை. கணவர் என்னைப் பார்த்தார். "அவங்க வயசானவங்க, விடு" என்றார். அம்மாவிடம் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் சொல்ல இருந்தது.

ஜனவரியில் ஊர் திரும்பினோம். நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஜூலையில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. அத்தை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். "எம் புள்ளையோட படிப்பு வீண் போகல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

நான்தான் பரிமாறினேன். என் காலடி அப்போதும் அந்த வீட்டில்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.