எட்டு நாள் குடியிருப்பு



சித்திரை மாதம் வந்துவிட்டால் நம் மாவட்டத்தின் சாலைகள் எல்லாம் வீரபாண்டியை நோக்கித் திரும்புகின்றன. முல்லையாற்றங்கரையில் உள்ள கௌமாரியம்மன் கோயில் திருவிழா எட்டு நாட்கள் இரவும் பகலும் நடைபெறுகிறது. தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருவோர் ஒருபுறம். ராட்டினம், வளையல் கடை, தட்டளவு அப்பளம், பஞ்சு மிட்டாய் என்று பொழுதுபோக்குத் திடல் மறுபுறம். அந்தத் திடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், நம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியர் கடந்த ஆண்டு தங்கள் வேனை நிறுத்தி, திருவிழா முடியும் மட்டும் குடியிருந்தார்கள். அவர்களுடைய அனுமதியோடு அந்த அனுபவத்தை இந்த வாரத் தியானமாக உங்கள் முன் வைக்கிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை.

அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேருந்து ஓட்டியவர். அந்த அம்மையார் போடியில் ஏலக்காய்க் கிடங்கில் காய்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்தவர். ஓய்வு பெற்றபின் ஒரு பழைய வேனை வாங்கி, உரிய அனுமதிகளைப் பெற்று, உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறிய மின்விசிறி ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டார்கள். "ஐயா, ஆயிரம் ஊருக்கு ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். ஓர் ஊரிலும் நான் இறங்கி நின்றதில்லை" என்று அவர் என்னிடம் காரணம் சொன்னார்.

இது ஏதோ மேல்நாட்டுப் பழக்கம் என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1854 முதல் நடந்துவரும் கோடைக்காலச் சந்தைக்கு, இன்றும் குடும்பங்கள் வீட்டு வண்டிகளோடு வந்து திடலருகே தங்குகின்றன. நமக்கு அடுத்த கேரளத்திலும் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் அதற்கென ஒரு பூங்காவும் திறக்கப்பட்டது. ஆயினும் நம் முன்னோருக்கு இது புதிதன்று. கூண்டு வண்டியில் அரிசி, பருப்பு, பாய், பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு சென்று, மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டிச் சமைத்து, திருவிழா முடிந்தபின் ஊர் திரும்பிய தலைமுறை நம் தாத்தா பாட்டிமாருடையது. அன்று மாடு இழுத்ததை இன்று எஞ்சின் இழுக்கிறது.

அவர்கள் வீரபாண்டியில் தங்கியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது சபையாரில் சிலர் என்னிடம் வந்து, "விசுவாசிகள் அப்படிப்பட்ட இடத்தில் போய்த் தங்கலாமா, ஐயா?" என்று கேட்டார்கள். நேர்மையான கேள்வி, ஆகவே நேர்மையான பதில் தேவை. நம்முடைய ஆராதனை ஒருவருக்கே உரியது, அதில் மாற்றமில்லை. ஆனால் அயலாருடைய ஊரும் தெருவும் நமக்கு விலக்கப்பட்ட இடங்கள் அல்ல. பவுல் அத்தேனே பட்டணத்தில் வாய் திறப்பதற்கு முன், அந்த ஜனங்கள் எவற்றைப் பரிசுத்தமாக எண்ணுகிறார்கள் என்று கவனித்துப் பார்த்தபடி சுற்றி நடந்தார். கிறிஸ்துமஸ் நாளில் நம் வீட்டுப் பலகாரத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும் அயலாரின் திருவிழாவை ஏளனமின்றிப் பார்ப்பது நமக்கு அழகு. இதைக் கேட்டவர்களுக்குச் சொன்னபின், நானே அந்தத் தோப்புக்குச் சென்று அவர்களைச் சந்தித்தேன்.

நான் எதிர்பார்த்தது, ராட்டினத்தையும் கூட்டத்தையும் பற்றிய கதைகளை. அவர்கள் சொன்னதோ திடலின் பின்புறத்தைப் பற்றி.

திடலின் முன்புறம் விளக்குகளால் ஆனது. பின்புறத்தில் லாரிகள் நிற்கின்றன. ராட்டினம் சுற்றுகிறவர்களும், கடை விரிப்பவர்களும், ஜெனரேட்டரைக் காவல் காப்பவர்களும் அந்த லாரிகளின் அடியிலும், தார்ப்பாய்க் கூரையின் கீழும் குடும்பமாக வாழ்கிறார்கள். நம் தம்பதியரின் வேனுக்கு மிக அருகில் இருந்தது, ராட்டினத்தில் சீட்டுக் கொடுக்கும் ஓர் இளம்பெண்ணின் குடும்பம். முதல் இரண்டு நாட்கள் இரு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மையார் பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாராம். அறியாதவர் அருகில் இருக்கும்போது நம் கை தானாகவே தாழ்ப்பாளைத் தேடுகிறது, இல்லையா?

மூன்றாம் இரவு கோடை மழை பிடித்துக்கொண்டது. காற்றில் தார்ப்பாய் பிய்ந்து போயிற்று. மின்சாரம் நிறுத்தப்பட்டது, ராட்டினத்தின் விளக்குகள் அனைத்தும் ஒரே கணத்தில் அணைந்தன. அந்தப் பெண் இரண்டு குழந்தைகளையும் சேலையால் போர்த்தியபடி லாரியின் அடியில் ஒடுங்கியிருப்பதை அம்மையார் டார்ச் வெளிச்சத்தில் கண்டார். "என்னங்க, அவங்களை உள்ளே கூப்பிடுவோமா?" என்று கேட்டார். "நமக்கே இடமில்லையே" என்றார் கணவர். உண்மைதான்; அந்த வேனுக்குள் இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆயினும் அம்மையார் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். தாயும் பிள்ளைகளும் கட்டிலில் உறங்கினார்கள். முதியவர்கள் இருவரும் முன்னிருக்கைகளில் விடியும் மட்டும் அமர்ந்திருந்தார்கள்.

அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போதுதான், அவர் தம் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் சொல்லாதிருந்த ஒன்றை என்னிடம் சொன்னார். அவருக்குக் கண் நீர் அழுத்த நோய். ஓரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. சொட்டு மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கும். இழந்த பார்வையைத் திரும்பத் தராது. இரவில் வண்டி ஓட்டுவதை மருத்துவர் முன்னமே தடுத்துவிட்டார். பகலிலும் இனி நெடுநாள் ஓட்ட முடியாது என்று சொல்லியிருந்தார். வேன் வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. "விளக்கு எல்லாம் அணைந்ததும், முழுசாப் பார்வை போனால் இப்படித்தான் இருக்குமோ என்று நெஞ்சு நடுங்கியது, ஐயா. அப்போது பின்னால் அந்தப் பிள்ளைகள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. இருட்டில் நாம் தனியாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அவ்வளவு பயமில்லை" என்றார்.

பிரியமானவர்களே, அப்போஸ்தலருடைய நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு தம்பதியரைச் சந்திக்கிறோம். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் யூதர்கள். கிலவுதியு இராயனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேறி, கொரிந்துவுக்கு வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய தொழில் கூடாரம் செய்வது. பவுலும் அதே தொழிலை அறிந்தவராகையால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்பு அவர்கள் எபேசுவுக்குச் சென்றார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் மறுபடியும் ரோமாபுரியில் காணப்படுகிறார்கள். மூன்று பட்டணங்கள், எதிலும் வேரூன்றி நிற்க முடியவில்லை. ஆயினும் எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடிற்று. இருப்பிடம் நிலையற்றதாக இருந்தது. கதவு மட்டும் நிலையாகத் திறந்திருந்தது.

கூடாரப் பண்டிகையின் பிரமாணமும் இதையே கற்பிக்கிறது. இஸ்ரவேலர் வருடந்தோறும் ஏழு நாள் தங்கள் கல் வீடுகளை விட்டுத் தழைக்கூடாரங்களில் குடியிருக்கும்படி லேவியராகமம் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வனாந்தரத்தில் நடந்த நாட்களை வீடு கட்டியபின்னும் மறவாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உபாகமம் 16ஆம் அதிகாரம் அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது: அந்தப் பண்டிகையின் சந்தோஷத்தில் பிள்ளைகளும் வேலைக்காரரும் மட்டுமல்ல, பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் பங்குபெற வேண்டும். பரதேசிக்கு இடமில்லாத கூடாரம், கர்த்தர் கேட்ட கூடாரம் அல்ல.

யோவான் எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரம், வார்த்தையானவர் மாம்சமாகி நம் நடுவே வாசம்பண்ணியதைக் கூறுகிறது. அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல்லின் வேர் கூடாரத்தைக் குறிப்பது. தேவன் மனிதர் நடுவே கூடாரமிட்டார். அவர் இட்ட இடமும் திடலின் முன்புறமன்று. பெத்லகேமில் அவருடைய பெற்றோருக்கு இடம் கிடைக்கவில்லை. இடமற்றவர்கள் இருந்த பக்கத்திலேயே அவர் வந்து தங்கினார்.

அம்மையார் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் மனதில் நிற்கிறது. மழைக்குப் பின் வந்த நாட்களில் அந்தப் பெண் அவரைப் பெரியம்மா என்று அழைக்கத் தொடங்கி, மனம் விட்டுப் பேசியிருக்கிறாள். மூத்த மகன் படிப்புக்காகப் பாட்டியிடம் இருக்கிறான். ஒரு திருவிழா முடிந்தால் அடுத்த ஊர். மழைக்காலத்தில் மட்டுமே சொந்த ஊர். "ஐயா, நாங்க ஆசைக்கு எட்டு நாள் வண்டியில் இருந்தோம். அவங்களுக்கு அதுவே வாழ்க்கை. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது" என்றார் அம்மையார். ஆம், பேசக்கூடாது. நாம் இவ்வுலகில் பரதேசிகள் என்று பிரசங்கபீடத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பூட்டுவதற்குக் கதவே இல்லாதவர் முன் அந்த வசனத்தை நிதானித்தே பேச வேண்டும்.

ஒன்பதாம் நாள் காலையில் ராட்டினத்தை ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நேற்று வரை வானத்தை மறைத்து நின்றது, மாலைக்குள் இரும்புக் குவியலாகிவிட்டது. கூடாரமாகிய நம் சரீரமும் ஒருநாள் இப்படிக் கழற்றப்படும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதற்குப்பின் தேவனால் உண்டான நித்திய வீடு இருக்கிறது என்ற நிச்சயத்தோடு எழுதுகிறார். நம் சகோதரருக்கு அந்தக் கழற்றுதல் கண்களில் தொடங்கியிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் போடிமெட்டுக்குச் சென்றார்கள். வேனை ஓட்டியது பக்கத்து வீட்டு இளைஞன். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் பல்லாயிரம் முறை ஓட்டிக் கடந்தவர், முதன்முறையாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாத காரணத்தால் அதுவரை அவர் பார்த்திராத பள்ளத்தாக்கை, கீழே மாந்தோப்புகளோடும் இலவ மரங்களோடும் விரிந்து கிடக்கும் நம் போடியை, மீதமிருக்கும் பார்வையால் நிதானமாகப் பார்த்தார். "ஓட்டும் வேலை கையைவிட்டுப் போனது கஷ்டம்தான். ஆனால் இதை நான் பார்த்ததே இல்லையே, ஐயா" என்றார். துக்கமும் நன்றியும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கக் கூடும் என்பதை அன்று அவரிடம் கண்டேன்.

சபையாரே, வீரபாண்டி மட்டும் போகத் தேவையில்லை. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் நம் வீதி வழியாகவே போகிறார்கள். தோட்டத்து லயங்களில் வெளி மாநிலத்துக் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. அவர்களில் ஒருவருடைய பெயரையாவது நாம் அறிந்திருக்கிறோமா? இந்த வாரத்தில் ஒருவரோடு பேசுங்கள். அவர் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். மழை வந்தால் உங்கள் திண்ணையில் இடம் கொடுங்கள். அந்தச் சகோதரரின் கண்களுக்காகவும், எந்த ஊர்த் திடலிலோ இன்றிரவு தார்ப்பாயின் கீழ் உறங்கும் அந்தத் தாய்க்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: எங்கள் நடுவே கூடாரமிட்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். வீடற்றவரைக் காணும்போது எங்கள் கை தாழ்ப்பாளைத் தேடாதபடி காத்தருளும். பார்வை மங்குகிறவர்களுக்கு அருகில் நீர் இருப்பதை உணர்த்தும். எங்கள் கூடாரம் கழற்றப்படும் நாளில் பயமின்றி உம்மிடம் வந்து சேர எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.