எந்த ஊரில் கப்பல் கரை அணையும்?

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கப்பல் சுற்றுலாவைப் போல வசதி வேறில்லை என்று பயண ஏற்பாட்டாளர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. பெட்டியை ஒரு தடவை பிரித்து அடுக்கினால் போதும், ஊர்கள் ஒவ்வொன்றாக நம்மிடம் வந்து சேரும். வம்பெல்லாம் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில்தான்.

சிறுவயதில் வந்த போலியோவால் எனக்கு வீட்டுக்குள் காலிப்பர், வெளியே சக்கர நாற்காலி. தங்கைக்கு நெடுநாளாக அலாஸ்கா ஆசை. சியாட்டிலில் ஏறி ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன் என்று ஒரு வாரச் சுற்று. பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்களை விடாமல் கேட்டேன். குளியலறை வாசலில் தடுப்பு உண்டா? ஒவ்வொரு ஊரிலும் கப்பல் மேடையில் அணையுமா, நங்கூரம் போட்டுவிட்டுப் படகில் இறக்குவார்களா?

சாதாரண அறைகளில் தண்ணீர் வெளியே வழியாமல் இருக்கக் குளியலறை வாசலை உயர்த்தியிருப்பார்கள். காலைத் தூக்கி வைக்கிறவர்கள் கண்ணில் அது படவே படாது. எங்களுக்கான அறையில் தரை ஒரே மட்டம். நாற்காலி முழு வட்டம் திரும்ப இடம், ஷவருக்குக் கீழே மடக்கி இறக்கும் இருக்கை, கைக்கெட்டும் உயரத்தில் பிடி. வெளிநாட்டுக் கொடியோடு அமெரிக்கக் கடலுக்கு வரும் பயணிகள் கப்பல்களுக்கும் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. கப்பலின் உள் விவகாரங்களில் தலையிடாத அளவுக்கு என்ற வரம்போடுதான். ஆனால் இப்படிப்பட்ட அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான், வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். தாழ்வாரத்துக் கம்பளத்தைப் பற்றி எந்தச் சட்டமும் பேசுவதில்லை போலிருக்கிறது. நாற்காலியை அதன்மேல் உருட்டுவது மெரினா மணலில் தள்ளுகிற மாதிரி.

படகு இறக்கம் வேறு கதை. சான்டோரினி, கிராண்ட் கேமன் எல்லாம் அந்த ரகம். கப்பலும் ஆடும், படகும் ஆடும், நடுவில் நாம் தாண்ட வேண்டும். கனமான மின்சார நாற்காலி என்றால் படகில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிடுவதும் உண்டு.

மேடையில் அணைந்தாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் கடல் மட்டம் சில மணி நேரத்திலேயே 20 அடி வரை ஏறி இறங்கும். காலையில் மெல்லிய சரிவாக இருந்த இறங்குபாலம் நாங்கள் ஊர் சுற்றிவிட்டு வருவதற்குள் ஏணியாக நின்றது. ஊழியர் ஒருவர் பின்னால் தள்ள, இன்னொருவர் முன்னால் பிடித்து இழுக்க, மேலே போய்ச் சேர்ந்தேன். அதற்கப்புறம் தினமும் மாலையில் வரவேற்பு மேசையில் மறுநாளைய ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். எப்போது இறங்குவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் கடல் சொன்னபடி.

ஸ்காக்வேயில் கப்பல் மேடை வரைக்கும் தண்டவாளம் வருகிறது. தங்கம் தேடி ஓடியவர்களுக்காக 1898இல் போட ஆரம்பித்து 1900இல் முடித்த ஒயிட் பாஸ் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நம் மலை ரயில் ஓடத் தொடங்கியது 1899இல், ஏறக்குறைய ஒரே வயது. ஒயிட் பாஸ் ரயிலில் சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்ட் உள்ள பெட்டி உண்டு, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நாலு பேர் தூக்கி ஏற்றியே பழகிய எனக்கு, நாற்காலியோடு அப்படியே மேலே போனது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

எனக்குப் பிடித்த நாள் யாருமே கரையிறங்காத நாள். கிளேசியர் பேயில் பெரிய கப்பல்கள் அணையத் துறை கிடையாது. பெரிய கப்பல்கள் நாளைக்கு இரண்டுக்கு மேல் அனுமதியில்லை. பூங்கா வனக்காவலர்கள் படகில் வந்து ஏறி, ஒலிபெருக்கியில் கதை சொன்னார்கள். 1794இல் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடாவின் வாயை அடைத்துக்கொண்டு பனிச்சுவர் நின்றதாம். 1879இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது அது 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகல நீலச் சுவர். நாற்காலியில் உட்கார்ந்தால் கைப்பிடிச் சுவரின் மேல்கட்டை சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். கழுத்தை நீட்டினால் பனி, குனிந்தால் உப்புப் படிந்த கண்ணாடி. எதிர்ப்பக்கத்தில் கூச்சல் கேட்டது.

"அக்கா, எல்லாரும் அந்தப் பக்கம் ஓடறாங்க, நாமளும் போலாமா?"

"இருடி, கப்பலே திரும்பும்."

திரும்பியது. இருபக்க அறைகளுக்கும் காட்சி கிடைக்க வேண்டும் என்று கப்பலை நின்ற இடத்திலேயே மெல்லச் சுழற்றுவார்கள். ஓடிப்போனவர்கள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது முன்வரிசை எங்களுடையது. வீடளவு பனிக்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. விழுவதைப் பார்த்த பிறகுதான் சத்தம் வந்தது.

இப்போது தங்கை கிரேக்கத் தீவுகளைப் பற்றிப் பேசுகிறாள். ரோட்ஸில் மேடை உண்டு, ஆனால் பழைய ஊருக்குள் கூழாங்கல் தெரு. சான்டோரினியில் படகு. "அன்னைக்கு நான் மேல்தளத்துல காபி குடிச்சுக்கிட்டு ஊரைக் கீழேருந்து பாக்கறேன், நீ போய்ச் சுத்திட்டு வா" என்றேன். அதற்கு அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.