செங்கண்மாரி எல்லாம் ஒன்றல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

நம்மட வாவிக்கரை ஊர்களில் கண் மஞ்சளானால் எல்லாத்துக்கும் ஒரே பெயர்தான்: செங்கண்மாரி. ஆனால் அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது ஹெப்படைடிஸ் ஏ. அது வந்து மாறிவிடும், நாட்பட்டு நிற்காது. ஹெப்படைடிஸ் பி வேறு. அது இரத்தம், உடல் திரவங்கள் வழியாகத் தொற்றும். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், போன நோன்பில் ஒரு இப்தாரில் பி தொற்றுள்ள பையன் ஒருவனை சஹனில் சேர்க்காமல் தனிப் பீங்கானோடு ஓரமாக இருத்தினார்கள். ஊரும் பெயரும் எழுதமாட்டேன். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு எழும்பினான்.

அவன் உடம்புக்குள் நடப்பதை, நான் விஞ்ஞான பாடத்தில் சொல்வது போலவே சொல்கிறேன். இந்த வைரஸ் நேரடியாக ஈரலை அழிப்பதில்லை. வைரஸ் புகுந்த ஈரல் கலங்களை, வெண்குழியங்களில் ஒரு வகையான ரி கலங்கள் தேடித் தாக்கும். அந்தச் சண்டையில்தான் ஈரல் புண்படுகிறது. வளர்ந்தவர்களில் பெரும்பாலும் ரி கலங்களே வெல்லும். 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே நோய் நிலைக்கும். பிறக்கும்போது தொற்றினாலோ 100 பிள்ளைகளில் சுமார் 90 பேருக்கு நிலைத்துவிடும். பச்சிளம் பிள்ளையின் நிர்ப்பீடனம் அந்த வைரஸை எதிரியாக எடுத்துச் சண்டைக்குப் போவதில்லை. வருடக்கணக்காக வைரஸ் முன்னால் நிற்க, ரி கலங்கள் களைத்துப்போகும். அவற்றின் மேல் பிடி-1 என்ற 'பிரேக்' கூடும்.

சண்டை இல்லாததால் கண்ணும் மஞ்சளாகாது, பிள்ளை ஓடி விளையாடும். "நல்லாத்தானே இருக்கான்" என்று கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் கழித்து ஈரல் இறுகலாம், புற்றுநோயும் வரலாம்.

ஒரே சஹனில் சாப்பிட்டால், கை கொடுத்தால், பக்கத்தில் இருந்தால் இது தொற்றாது. சவர பிளேட், ஊசி, பல் பிரஷ் மட்டும் பகிர வேண்டாம். சுன்னத்துக்கும் மொட்டைக்கும் ஒருவருக்குப் பாவித்த பிளேட் இன்னொருவருக்கு வேண்டவே வேண்டாம்.

நம் நாட்டில் 2003 முதல் இதற்குத் தடுப்பூசி கொடுக்கிறார்கள். இப்போது 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்களுக்கான ஊசியில் இதுவும் அடங்கும். பிள்ளையின் கார்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் மிட்வைஃபிடம் கேளுங்கள்.

ஒதுக்கினால் குடும்பம் நோயை மறைக்கும். மறைத்தால் கிளினிக் போவது நிற்கும். பிறகு அந்த ஈரலுக்கு நாமும் பொறுப்பு.